பொருள்: ‘ஆர்ம்ஸ் லென்த்’ கொள்கைக்குத் தமிழ்ச் சொல்: தலையிடா நல்கை

அன்புள்ள குழுவினருக்கு,

கலைகளுக்கு அரசு பணம் தரும், ஆனால் படைப்பில் தலையிடாது என்பதே ‘ஆர்ம்ஸ் லென்த்’ (கையளவு தூரம்) கொள்கை. கொரிய அலையில், அதாவது தென்கொரியப் படங்களும் பாடல்களும் உலகெங்கும் பரவியதில், அரசின் பங்கு பற்றிய கட்டுரைக்காக இதற்குத் தமிழ்ச் சொல் கேட்கப்பட்டது. மூன்று பரிந்துரைகள் வந்துள்ளன: கைநீளக் கொள்கை, விலகுநிலை, புரவலர் அரசு. மூன்றையும் என்னால் ஏற்க முடியவில்லை.

முதலாவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கொரியர்களும் இதைக் கையின் நீளம் என்றே நேராகப் பெயர்த்துக்கொண்டார்கள். ஆனால் தமிழில் ஒருவனுக்குக் கை நீளம் என்றால் அவன் திருடன். பொதுப்பணம் பற்றிய சொல்லில் அந்த நிழல் விழக் கூடாது.

‘விலகுநிலை’ நடந்ததற்கு நேர்மாறானது. கொரிய அரசு விலகி நிற்கவே இல்லை. ‘ஜுராசிக் பார்க்’ என்ற ஒரே படத்தின் வருவாய் 15 லட்சம் ஹூண்டாய் கார்களின் ஏற்றுமதிக்குச் சமம் என்று 1994இல் குடியரசுத் தலைவருக்கு ஓர் அறிக்கை போனது. அதே ஆண்டு பண்பாட்டு அமைச்சகத்தில் பண்பாட்டுத் தொழில்களுக்கென்று தனிப் பிரிவு வந்தது. நிதி நெருக்கடி நாட்டை உலுக்கிய பிறகு, 1998இல் குடியரசுத் தலைவராகப் பதவியேற்ற கிம் டே-ஜுங் அடுத்த ஆண்டே பண்பாட்டுத் தொழில் ஊக்குவிப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தார். திரையரங்குகள் ஆண்டுக்கு 146 நாள் உள்நாட்டுப் படங்களைக் காட்டியாக வேண்டும் என்ற விதி 2006 வரை இருந்தது. பிறகுதான் 73 நாளாகக் குறைந்தது. இவ்வளவு செய்த அரசை விலகி நின்றது என்று எப்படி எழுதுவது?

அது கையை எடுத்தது வேறோர் இடத்தில். 1996இல் திரைப்பட முன்தணிக்கை செல்லாது என்று அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாடல்களுக்கான முன்தணிக்கையும் அதே ஆண்டு ஒழிந்தது. ஆதரவு தருவோம், தலையிட மாட்டோம் என்பது கிம் டே-ஜுங்கின் கொள்கை. இந்த இரண்டு பாதிகளையும் சேர்த்துச் சொல்லும் சொல்தான் நமக்கு வேண்டும்.

‘புரவலர்’ அழகான சொல், மறுக்கவில்லை. பரிசிலை மறுத்த புலவர்களும் உண்டு. ஆனாலும் புரவலன் என்றதும் அவனைப் பாடும் பாணனும் உடன் வந்துவிடுகிறான். கொரியாவில் கொள்கை முறிந்ததும் அந்த இடத்தில்தான். 2014இல் செவோல் கப்பல் மூழ்கியபோது நடந்த மீட்புப் பணியைக் கேள்வி கேட்ட ஆவணப்படம் ஒன்றைத் திரையிட வேண்டாம் என்று பூசான் மேயர் வற்புறுத்தினார். அந்நகரத் திரைப்பட விழாவினர் திரையிட்டார்கள். மறு ஆண்டு அந்த விழாவுக்கு அரசின் திரைப்படக் கவுன்சில் தரும் நிதி ஏறத்தாழப் பாதியானது. அரசு உதவியிலிருந்து ஒதுக்க வேண்டிய கலைஞர்கள் என்று அப்போதைய பார்க் குன்-ஹே அரசு தயாரித்த கறுப்புப் பட்டியல் பின்னர் வெளிவந்தது. அதில் 9,473 பெயர்கள். செவோல் விபத்து தொடர்பாக அரசை விமர்சித்த அறிக்கைகளில் கையெழுத்திட்டவர்களும் எதிர்க்கட்சி வேட்பாளர்களை ஆதரித்தவர்களும் அதில் இருந்தார்கள். பிற்காலத்தில் ‘பாரசைட்’ படத்துக்காக ஆஸ்கர் வாங்கிய போங் ஜூன்-ஹோவின் பெயரும் கறுப்புப் பட்டியலில் அடிபட்டது. குடியரசுத் தலைவருடைய அலுவலகத்தின் முன்னாள் தலைமைச் செயலரும் முன்னாள் பண்பாட்டு அமைச்சரும் இதற்காகச் சிறை சென்றார்கள். தன்னைப் பாடாதவனுக்குப் பரிசில் இல்லை என்று முடிவு செய்த அரசு அது. அதைக் கண்டிக்கப் பயன்பட வேண்டிய சொல்லிலேயே புரவலனை உட்கார வைக்கலாமா?

ஆகவே என் பரிந்துரை: தலையிடா நல்கை. ‘நல்கை’ மானியத்துக்கு ஏற்கெனவே புழங்கும் சொல். கொள்கையைக் குறிக்க ‘தலையிடா நல்கைக் கொள்கை’. அதை மீறினால் ‘தலையீட்டு நல்கை’. பூசானில் நடந்ததை இரண்டே சொல்லில் எழுதிவிடலாம். நீளம் என்று குறைப்படுபவர்கள், பொருள் கெடாமல் சுருக்கிக் காட்டினால் மகிழ்ச்சியோடு ஏற்பேன்.

கட்டுரைக்கு இன்னொரு சொல்லும் தேவைப்படும். அரசு தன் பணத்தைத் தனியார் முதலீட்டு நிதியங்களில் போட்டுவைக்க, எந்தப் படத்துக்குப் பணம் என்பதை அந்த நிதியங்களின் மேலாளர்கள் தீர்மானிக்கும் ஏற்பாடு 2005இல் தொடங்கியது. கொரியப் பெயரில் தாயின் கருவறை என்ற பொருள் இருக்கிறது. ‘தாய்நிதியம்’ என்று வைத்திருக்கிறேன். பொருளியல் படித்தவர்கள் இதற்கு வேறு சொல் ஏற்கெனவே வழங்குகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

அன்புடன்