கொச்சியில் இரண்டு நாள்: மட்டாஞ்சேரி அரண்மனையா, தீவுகளா?

ஈரோடு பயணி:
ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை எர்ணாகுளத்தில் இறங்குகிறோம். சனி இரவு திரும்ப ரயில். கூட மனைவியும் அம்மாவும் வருகிறார்கள். அம்மா நன்றாக நடப்பார், வெயில்தான் ஆகாது. பழைய கட்டடம், சுவரோவியம் என்று நேரத்தைச் செலவிடலாமா, தீவுகளுக்குப் போகலாமா?

நாவாய்:
தீவுகளுக்குப் போங்கள். கொச்சியே தண்ணீர் உண்டாக்கிய ஊர். 1341இல் பெரியாற்றில் வந்த வெள்ளத்தில் பழைய முசிறித் துறைமுகம் தூர்ந்துபோய், கொச்சியில் கடல்வாய் அகலமாகத் திறந்தது என்பதுதான் பரவலாக ஏற்கப்பட்ட வரலாறு. வைப்பின் தீவும் அந்த வெள்ளத்தோடு சேர்த்தே பேசப்படுகிறது. வில்லிங்டன் தீவோ 1920களில் ராபர்ட் பிரிஸ்டோ என்ற ஆங்கிலேயப் பொறியாளர் துறைமுகத்தை ஆழப்படுத்தியபோது தோண்டிய மண்ணைக் கொட்டி உண்டாக்கியது. இதையெல்லாம் பார்க்காமல் நாலு கட்டடத்தைப் பார்த்துவிட்டு வந்தால் அந்தக் கட்டடங்கள் ஏன் அங்கே நிற்கின்றன என்றே புரியாது.

சுவரோவியப் பித்தன்:
நாவாய் சார், தென்னையும் காயலும் ஆலப்புழையிலும் உண்டு, கொல்லத்திலும் உண்டு. மட்டாஞ்சேரி அரண்மனையின் பள்ளியறை வேறெங்கே இருக்கிறது? புத்திரகாமேஷ்டி யாகம் தொடங்கி ராமாயணம் முழுக்கச் சுவரைச் சுற்றி ஓடுகிறது. சுண்ணாம்புப் பூச்சின் மேல் காவி, மஞ்சள், பச்சை, விளக்குக்கரி. இடுக்கு விடாமல் உருவங்கள். கீழ்த்தளத்து அறையில் சிவன் பார்வதி திருமணமும் கோவர்த்தனம் தூக்கும் கண்ணனும் இருக்கிறார்கள். பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் கட்டிக் கொச்சி அரசருக்குக் கொடுத்தது, பிறகு டச்சுக்காரர் பழுது பார்த்தது, ஆனால் அமைப்பு முற்றத்தைச் சுற்றி நாலு பக்கமும் கட்டிய நம் நாலுகட்டு வீடு, நடு முற்றத்தில் பழையன்னூர் பகவதி கோயில். ஒரே கூரையின் கீழ் மூன்று கை வேலை. இதற்கு அரை நாளாவது வேண்டும்.

நாவாய்:
அரண்மனைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. பக்கத்தில் உள்ள பரதேசி (அதாவது வெளிநாட்டிலிருந்து வந்த) யூதர் ஆலயத்துக்கு வெள்ளி, சனி இரண்டு நாளும் விடுமுறை. அவர் வருவதே வெள்ளி, சனி. 1568இல் எழுந்த ஆலயம், தரையில் சீனத்துக் கையோவிய நீலவெள்ளை ஓடுகள், எல்லாம் அருமைதான். கதவு பூட்டியிருக்குமே!

சுவரோவியப் பித்தன்:
ஆலயம் போனால் போகட்டும். அரண்மனை சனிக்கிழமை திறந்திருக்கும். வெள்ளிக்கிழமை ஃபோர்ட் கொச்சித் தெருக்களில் நடக்கட்டும். புனித பிரான்சிஸ் தேவாலயத்தில் 1524இல் இறந்த வாஸ்கோ ட காமாவைப் புதைத்த இடம் இருக்கிறது (எலும்புகளைப் பிறகு லிஸ்பனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்). 2012இல் பியனாலே கலைக் கண்காட்சி தொடங்கிய பிறகு அங்குள்ள கிடங்குச் சுவர்களிலும் ஓவியம் ஏறிவிட்டது. உங்கள் தீவில் வெயிலுக்கு ஒதுங்கவே இடம் தேட வேண்டும்.

நாவாய்:
வாட்டர் மெட்ரோ படகில் குளிர்சாதனம் இருக்கிறது. எர்ணாகுளம் ஹைகோர்ட் படகுத்துறையில் ஏறினால் சுமார் இருபது நிமிடத்தில் வைப்பின். அம்மாவுக்கு அதைவிடச் சுகமான பயணம் கிடைக்காது. அப்புறம் பொக்காளி வயல்கள். உப்புத் தண்ணீரைத் தாங்கும் நெல். ஆள் உயரத்துக்கு வளரும், கதிரை மட்டும் அறுத்துக்கொண்டு தாளை அப்படியே விட்டுவிடுவார்கள். அது அழுகி இறாலுக்கு இரையாகும். உரமே போடுவதில்லை. நகரத்தின் வாசலில் இப்படி ஒரு விவசாயம் நடப்பதைப் பார்க்காமல் எதைப் பார்ப்பது?

சுவரோவியப் பித்தன்:
ஜனவரியில் நெல் ஏது? ஐப்பசியிலேயே அறுப்பு முடிந்துவிடும். அவர் போகும்போது வெறும் தண்ணீர்தான் நிற்கும்.

நாவாய்:
வெறும் தண்ணீர் இல்லை. அது இறால் வளர்க்கும் கட்டு. கடல் ஏறும்போது மதகைத் திறந்து குஞ்சுகளை உள்ளே விட்டு, வடியும்போது மதகில் வலை கட்டிப் பிடிக்கிறார்கள். நவம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் வரை இந்த வேலைதான். கதை பாதியில் நிற்கவில்லை, மறுபாதி நடந்துகொண்டிருக்கிறது.

மட்டாஞ்சேரி மருமகள்:
திருமணமாகி வந்து இங்கேயே இருப்பவள் சொல்கிறேன். நீங்கள் இருவருமே மனிதர்களை விட்டுவிட்டீர்கள். ஃபோர்ட் கொச்சியில் 'வெளி' என்ற பகுதியில் தோபிகானா என்னும் சலவைக்கூடம் இருக்கிறது. டச்சுக்காரர்கள் தங்கள் படைவீரர்களின் துணி துவைக்கக் கூட்டிவந்த தமிழ் வண்ணார் சமூகத்தின் வழிவந்தவர்கள் இன்றும் அங்கே வேலை செய்கிறார்கள், வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். ஈரோட்டிலிருந்து வருபவர் அங்கே போகாமல் திரும்பக்கூடாது. போனால் ஓரமாக நின்று பேசுங்கள், கேட்காமல் படம் எடுக்க வேண்டாம். அது அவர்கள் பிழைப்பிடம்.

நாவாய்:
சரி அக்கா, இதை மறுக்க மாட்டேன். ஆனால் வெள்ளிக்கிழமை வைப்பின்தான். அந்தத் தீவிலேயே செராய் கடற்கரை வரை போய், அந்தி சாய, வண்டிகளையும் ஏற்றிச் செல்லும் ஜங்கார் படகில் ஃபோர்ட் கொச்சிக்குக் கடக்கட்டும். சீனவலைகள் எதிரிலேயே இருக்கும். கயிற்றில் கட்டிய கற்களின் எடையை வைத்து வலையை ஏற்றி இறக்குவதை அப்போதுதான் நின்று பார்க்க முடியும்.

சுவரோவியப் பித்தன்:
சனி காலை அரண்மனை திறந்ததும் உள்ளே இருக்கட்டும். கூட்டம் சேர்ந்துவிட்டால் பள்ளியறையில் நின்று பார்க்க விடமாட்டார்கள். இதில் மட்டும் நான் இறங்கி வரமாட்டேன்.

ஈரோடு பயணி:
வெள்ளி பகல் வைப்பின், இரவு தங்குவது ஃபோர்ட் கொச்சி, சனி காலை அரண்மனை, மதியத்துக்கு முன் தோபிகானா. செராயில் அம்மா மதிய வெயிலில் உட்கார நிழல் உண்டா என்று மட்டும் யாராவது சொல்லுங்கள்.

மட்டாஞ்சேரி மருமகள்:
மணலில் நிழல் குறைவு. மதியச் சாப்பாட்டைக் காயல் பக்கம் உள்ள கடையில் முடித்துவிட்டு நாலு மணிக்கு மேல் கடற்கரைக்குப் போங்கள்.