அண்ணனோடு சேர்ந்து இந்தத் தொடரைப் பார்க்கலாமா?

அரவேணு தங்கை:
வணக்கம். கோத்தகிரி பக்கம் அரவேணு எங்களுக்கு. ஒன்றரை ஏக்கர் தேயிலை, அம்மா, அண்ணன், நான். அண்ணனுக்கு 39 வயது. பதினைந்து வருடமாகக் குடிக்கிறான்.

போன வாரம் 'பேட்ரிக் மெல்ரோஸ்' தொடரை ஒரே மூச்சில் பார்த்தேன். 2018இல் வந்தது, ஐந்து பாகம்தான். எட்வர்ட் செயின்ட் ஆபின் தன் வாழ்க்கையை வைத்து எழுதிய நாவல்களில் இருந்து எடுத்தது. பெற்ற அப்பாவே மகன் பேட்ரிக்கைச் சின்ன வயதில் பாலியல் ரீதியாகச் சீரழிக்கிறார். அவன் வளர்ந்ததும் ஹெராயின், அப்புறம் குடி. பெனடிக்ட் கம்பர்பேட்ச் நடிப்பைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு நெஞ்சில் நிற்பது இரண்டாம் பாகத்தில் வரும் சின்னப் பையன்தான். 1967, பிரான்ஸில் ஒரு பெரிய வீடு. விருந்து நடக்கும்போது அவன் மாடிப்படியில் தனியாக உட்கார்ந்திருக்கிறான். விருந்துக்கு வந்த ஒரு பெண் பார்த்துவிட்டு அவன் அம்மாவிடம் போய்ச் சொல்கிறாள். அம்மா எழுந்திருக்கப் பார்க்கிறாள், அப்பா வேண்டாம் என்கிறார். அவ்வளவுதான், பிள்ளையிடம் போகவே இல்லை.

அந்த இடத்தில் நிறுத்திவிட்டு வெளியே வந்து நின்றேன். எங்கள் வீட்டிலும் ஒரு படி இருக்கிறது. அண்ணனைப் பத்து வயதில் கீழே சமவெளியில் ஒரு விடுதியில் சேர்த்தார்கள். லீவு முடிந்தால் போக மாட்டான். திண்ணைத் தூணைக் கட்டிப் பிடித்துக்கொள்வான். அப்பா விரல் விரலாகப் பிரித்து முதல் பஸ்ஸில் ஏற்றிவிடுவார். எனக்கு ஐந்து வயது, படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே என்ன நடந்தது என்று போன தீபாவளி ராத்திரி, குடித்திருந்தபோதுதான் சொன்னான். அதற்கு அப்புறம் நாங்கள் இரண்டு பேருமே அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அம்மாவுக்கு இன்னும் தெரியாது.

2022 மே மாதத்திலிருந்து நீலகிரியில் டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்குகிறார்கள், காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தருகிறார்கள். அம்மா சாக்கில் கட்டிக்கொண்டு போய்க் கொடுக்கிறாள். போன மாதம் 310 ரூபாய் கொண்டுவந்து காய்கறி வாங்கினாள்.

இந்தத் தொடரை அவனோடு உட்கார்ந்து பார்த்தால் பேச்சு வருமா? இல்லை, புண்ணைக் கிளறிவிடுவேனா?

குன்னூர்வாசி:
தங்கச்சி, நான் குடியை விட்டு ஆறு வருடம். அந்தத் தொடரை நானும் பார்த்தேன். தயவுசெய்து முதல் பாகத்தைப் போட்டுக் காட்டாதீர்கள். அப்பா செத்துவிட்டார், சாம்பலை வாங்க நியூயார்க் வா என்று போன் வருகிறது, அங்கிருந்து முழுக்க ஊசியும் மாத்திரையும் மதுவும்தான். நமக்கு அது எச்சரிக்கையாகத் தெரியும், குடித்துக்கொண்டிருப்பவனுக்கு நாக்கில் எச்சில் ஊறும். எனக்கே பார்க்கும்போது கை நடுங்கியது.

இன்னொன்று. தொடரைப் பார்த்து மனம் மாறி இன்றே விடுகிறேன் என்று சொன்னாலும் வீட்டில் வைத்துத் திடீரென்று நிறுத்த விடாதீர்கள். தினமும் அதிகமாகக் குடிப்பவர்களுக்கு இரண்டு மூன்று நாளில் வலிப்பு வரலாம், ஆள் தெரியாமல் பிதற்றலாம். உயிருக்கே ஆபத்து. டாக்டரிடம் காட்டி மாத்திரையோடுதான் நிறுத்த வேண்டும். நான் ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்தேன்.

எஸ்டேட் பையன்:
பணக்கார வெள்ளைக்காரன் கதை அக்கா. அவனுக்குச் சொத்து இருந்தது, வைத்தியம் பார்க்க முடிந்தது. நம் ஆளுக்கு எப்படி ஒட்டும்?

கூடலூர் அக்கா:
தம்பி, அந்தப் பையனுக்கு வீடு நிறையப் பணம் இருந்தும் கூப்பிட்ட குரலுக்கு ஒருத்தரும் வரவில்லை. ஒட்டுவது அந்த இடம்தான்.

அரவேணு தங்கைக்கு: நான் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்லும் வேலையில் இருந்தவள். தொடரைத் தூண்டிலாகப் போடாதேம்மா. போதையில் சொன்னது அவருக்கு நினைவு இருக்கிறதோ இல்லையோ, சொன்னது உனக்குத் தெரியும் என்பதே அவரை அரித்துக்கொண்டிருக்கலாம். குடிக்காத நேரமாகப் பார்த்து, "அன்று நீ சொன்னதை நான் நம்புகிறேன், தப்பு உன்மேல் இல்லை" என்று மட்டும் சொல். கேள்வி கேட்காதே. அந்தத் தொடரிலேயே மூன்றாம் பாகத்தில்தான், அதுவும் ஹெராயினை விட்ட பிறகு, பேட்ரிக் தன் நண்பன் ஜானியிடம் முதல் தடவையாக வாய் திறக்கிறான். எத்தனை வருடம் ஆகியிருக்கிறது பார்.

ஆண் பிள்ளைக்கு இப்படி நடக்குமா என்று இன்னும் கேட்கிறார்கள். 2007இல் மத்திய அரசு 13 மாநிலங்களில் எடுத்த ஆய்வில், பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்ன பிள்ளைகளில் பாதிக்கு மேல் பையன்கள். 2012 போக்சோ சட்டம் பையன்களுக்கும் பொருந்தும். உன் அண்ணனுக்கு நடந்தது அதற்கு முன்னால், ஆகவே வழக்கு என்று வந்தால் வக்கீலிடம்தான் கேட்க வேண்டும், அதுவும் அவர் விரும்பினால். ஆனால் அதைச் செய்த ஆள் இன்றும் பிள்ளைகள் நடுவில் இருக்கிறான் என்று தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098க்குச் சொல்லத்தான் வேண்டும். உனக்கே பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண் 14416, தமிழிலேயே பேசுவார்கள். ஐந்து வயதில் நீயும் அந்தப் படியில்தான் இருந்திருக்கிறாய்.

அரவேணு தங்கை:
கடைசி வரியைப் படித்து ரொம்ப நேரம் அழுதேன் அக்கா.

நேற்றுக் காலை கொழுந்து பறிக்கும்போது, அம்மா மேல் பாத்தியில் இருந்தாள், நீங்கள் சொன்ன மாதிரியே சொன்னேன். அவன் நிமிரவில்லை. பறித்துக்கொண்டே இருந்தான். எடை போட்டு முடித்து, லாரி போன பிறகு வந்து, "அம்மாவுக்குத் தெரியுமா?" என்றான். இல்லை என்றேன். "நானே சொல்கிறேன், நீ சொல்லாதே" என்றான். ராத்திரி குடித்தான். மற்ற நாளைவிடக் குறைவாகவா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

தொடரை இப்போதைக்குக் காட்டப் போவதில்லை. திங்கட்கிழமை ஊட்டி அரசு மருத்துவமனைக்கு வருகிறாயா என்று இன்று கேட்டிருக்கிறேன். குன்னூர் அண்ணா, முதல் நாள் அங்கே என்னென்ன கேட்பார்கள், எதை எடுத்துக்கொண்டு போக வேண்டும்?