மெஷினுக்கு மஞ்சளாத் தெரிஞ்ச குவார்ட்ஸ்

வேலூர்ல படிச்சப்போ நடந்தது. குவாரி ஓரமாப் பொறுக்கின சார்னோக்கைட்ங்கிற கல்லோட துண்டு ஒண்ணு. (கல்கத்தாவுல இருக்கிற ஆங்கிலேய வியாபாரி ஜாப் சார்னக்கோட கல்லறை மேல இருக்கிற கல்லை ஆராய்ஞ்சு 1893ல ஹாலண்ட்ங்கிற புவியியலாளர் வெச்ச பேரு. பல்லாவரம் பக்கத்துக் கல்லுதான் கல்கத்தா வரைக்கும் போயிருக்கு!) அதை வெளிச்சம் ஊடுருவுற அளவுக்கு மெல்லிசாத் தேய்ச்சு ஸ்லைடாக்கி, மைக்ராஸ்கோப்ல படம் எடுத்து, கனிமம் பிரிச்சுச் சொல்ற ப்ரோக்ராமுக்குக் கொடுத்தேன். மூணுல ஒரு பங்கு ஹைபர்ஸ்தீன்ங்கிற கனிமம்னு அடிச்சுச் சொல்லிடுச்சு. நானே உக்காந்து ஸ்லைடுல 500 புள்ளியில எது எந்தக் கனிமம்னு எண்ணினா, பத்துல ஒண்ணு கூடத் தேறலை.

ப்ரோக்ராமைப் பழக்கக் கொடுத்த ட்ரெயினிங் படம் பத்தலையோன்னு ரெண்டு நாள் மண்டையை உடைச்சுக்கிட்டேன். கண்டுபிடிச்சது யாருன்னா, கார்பரண்டம் பொடி போட்டுக் கல் தேய்ச்சுக் கொடுக்கிற லேப் அண்ணன். மைக்ராஸ்கோப்ல ஒரு பார்வை பார்த்துட்டு, "இது இன்னும் தேயணும்பா, குவார்ட்ஸ் மஞ்சளடிக்குது பாரு"ன்னார்.

ஸ்லைடு 0.03 மி.மீ. கனம் இருக்கணும். அப்பதான் கிராஸ் நிக்கல்ல (ஸ்லைடுக்குக் கீழயும் மேலயும் ஒண்ணுக்கொண்ணு குறுக்கா ரெண்டு போலரைசர் வடிகட்டி வெச்சுப் பார்க்கிறது) குவார்ட்ஸ் சாம்பல், வெள்ளைன்னு தெரியும். கொஞ்சம் தடிமனா இருந்தாலே மஞ்சள் ஏறிடும். சரியான கனத்துல மஞ்சள், ஆரஞ்சு காட்டுறது ஹைபர்ஸ்தீன். மெஷின் கண்ட நிறத்தைத்தான் சொல்லியிருக்கு, பாவம். அண்ணன்கிட்ட அளவுகோல் எதுவும் கிடையாது, குவார்ட்ஸோட நிறம்தான் அவருக்கு அளவு.

என் தப்பும் இருக்கு. கிராஸ் நிக்கல் படம் மட்டும்தான் கொடுத்திருந்தேன். சாதா போலரைஸ்டு வெளிச்சத்துல (கீழ் வடிகட்டி மட்டும்) ஸ்லைடு வெச்ச ஸ்டேஜைச் சுத்தினா ஹைபர்ஸ்தீன் இளஞ்சிவப்புலேர்ந்து பச்சைக்கு மாறும், குவார்ட்ஸ் நிறமே இல்லாம கிடக்கும். மறுபடி தேய்ச்சு, ஒவ்வொரு இடத்தையும் ரெண்டு வெளிச்சத்துலயும் சுத்திச் சுத்தி எடுத்துக் கொடுத்ததும் என் எண்ணிக்கைக்குக் கிட்ட வந்துது. வழக்கமான கோடு கோடான அடையாளம் விழாத பிளேஜியோகிளேஸை (ஃபெல்ஸ்பார் வகைக் கனிமம்) மட்டும் இன்னும் குவார்ட்ஸ்னுதான் சொல்லுது. அதுல நானே தடுமாறுவேன், விடுங்க.

— காட்பாடிக்காரன்

நமக்கு இதே வம்பு சேவத்தூர் கார்பனடைட்ல (கார்பனேட் கனிமம் நிறைஞ்ச கல்). அதுல இருக்கிற கால்சைட், டோலமைட்ங்கிற ரெண்டு கனிமமும் படத்துல அண்ணன் தம்பி மாதிரி, எத்தனை படம் கொடுத்தாலும் மெஷின் மாத்தி மாத்திச் சொல்லும். அலிசரின் ரெட் சாயம் போட்டோம். கால்சைட் சிவந்துது, டோலமைட் அப்படியே இருந்துது. அப்புறம் எடுத்த படத்துல ப்ரோக்ராம் தடுமாறவே இல்லை. ஆனா சாயத்துக்கு அப்புறம் என் பாட்டியே பிரிச்சிடுவாங்க.

— திருப்பத்தூர் ரோடு

கல் பட்டறை வெச்சிருக்கேன். பையன் போன்ல ஒரு ஆப் போட்டு டோலரைட்டை (கருப்புக் கல், நிஜத்துல கிரானைட் இல்லை) படம் பிடிச்சான், "கிரானைட்"னு வந்துது. நாங்களும் அதைக் கருப்பு கிரானைட்னுதானே விக்கிறோம், எந்த வாயால அதைத் திட்டுறது?

— பாலாத்தங்கரை