யார்க்‌ஷயர் டேல்ஸில் அக்டோபர் மாதத் தனிச் சைக்கிள் பயணம்: எந்தப் பக்கமாகச் சுற்றுவது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். நான் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் வசிக்கிறேன். முறையாகச் சைக்கிள் ஓட்டத் தொடங்கி ஒன்றரை ஆண்டு ஆகிறது. இதுவரை ஒரே நாளில் நான் ஓட்டிய அதிகத் தொலைவு 80 கிலோமீட்டர், அதுவும் பெரும்பாலும் சமதளத்தில். வரும் அக்டோபர் இரண்டாம் சனிக்கிழமை யார்க்‌ஷயர் டேல்ஸ் மலைப்பகுதியில் தனியாக ஒரு முழுநாள் சுற்றுப் பயணம் செய்ய எண்ணியிருக்கிறேன். ரயிலில் ஸ்கிப்டன் வரை சென்று, அங்கிருந்து கிராசிங்டன், கெட்டில்வெல், பக்டன் வழியாக வார்ஃப் ஆற்றை ஒட்டியே மேலேறி, ஃபிளீட் மாஸ் கணவாயைக் கடந்து ஹாஸ் என்னும் சிற்றூரை அடைந்து, பிறகு ரிபிள்ஹெட், ஹார்ட்டன், செட்டில் வழியாக மீண்டும் ஸ்கிப்டனுக்கே வந்து சேர வேண்டும் என்பது திட்டம். வரைபடத்தில் அளந்தால் ஏறத்தாழ 115 கிலோமீட்டர் வருகிறது.

கல்லூரி நாட்களில் மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஒருமுறை ஏறியிருக்கிறேன். அதனால் 589 மீட்டர் உயரமே உள்ள ஃபிளீட் மாஸ் பெரிய தடையாக இருக்காது என்று நினைத்தேன். ஆனால் இங்குள்ள நண்பர் ஒருவர், இலையுதிர் காலத்தில் அந்தப் பாதையில் தனியாகப் போவதென்றால் எந்தத் திசையில் சுற்றுகிறோம் என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கும் என்று சொன்னார். காரணத்தை விளக்க அவருக்கு நேரம் இல்லை. இந்தச் சுற்றை இடஞ்சுழியாகப் போவது நல்லதா, வலஞ்சுழியாகப் போவது நல்லதா? பாதி வழியில் முடியாமல் போனால் எங்கே நிறுத்திக்கொள்ளலாம்? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1

முதலில் கோத்தகிரி ஒப்பீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நானும் அதே தவறான கணக்கோடுதான் இந்த மலைகளுக்கு வந்தேன். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி வரை 33 கிலோமீட்டரில் சுமார் 1,450 மீட்டர் ஏறுகிறோம். சராசரி பார்த்தால் நூறு மீட்டருக்கு நாலரை மீட்டர்கூட இல்லை. பேருந்தும் சரக்கு லாரியும் ஏற வேண்டும் என்பதற்காகக் கொண்டை ஊசி வளைவுகளை வைத்து இழுத்து இழுத்துப் போட்ட சாலை அது. யார்க்‌ஷயரின் பழைய சாலைகளோ அப்படி அமைந்தவை அல்ல. அவை குன்றின் முகத்தில் நேராக ஏறுகின்றன. மொத்த உயரம் குறைவாக இருந்தாலும், ஓரிடத்தில் நூறு மீட்டருக்கு 15 மீட்டர், சில அடிகளுக்கு அதற்கும் மேல் என்று சாலை நிமிர்ந்து நிற்கும். நீளமான ஏற்றத்துக்குப் பொறுமை இருந்தால் போதும். இந்த வகைச் செங்குத்துக்குச் சரியான கியர் வேண்டும்.

உங்கள் வண்டியில் பின்புறப் பெரிய பற்சக்கரம் எத்தனை பல் என்று எண்ணிப் பாருங்கள். முன்னால் 34, பின்னால் 28 என்றால், நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தாலே வண்டி மணிக்கு 9 கிலோமீட்டர் வேகத்தில் போக வேண்டியிருக்கும். அந்த வேகத்தை 15 சதவீதச் சரிவில் காப்பாற்றுவது நம்மைப் போன்றவர்களுக்கு இயலாது. பின்னால் 34 பல் இருந்தால் அதே மிதிப்பில் வேகம் ஏழரைக்கு இறங்கும். இந்த ஒன்றரைக் கிலோமீட்டர் வேறுபாட்டில்தான் ஏறுவதும் இறங்கித் தள்ளுவதும் இருக்கின்றன.

இப்போது திசை. என் பரிந்துரை, நீங்கள் எழுதியபடியே இடஞ்சுழியாகப் போவது. அந்தப் பக்கத்தில் ஃபிளீட் மாஸ் மெதுவாகத் தொடங்குகிறது. பக்டனிலிருந்து லாங்ஸ்ட்ராத்டேல் பள்ளத்தாக்கில் ஆற்றின் சுண்ணாம்புக் கல் படுகையை ஒட்டியே சாலை கிடப்பதால், ஊட்டர்ஷா என்னும் சிற்றூர் வரை ஏறுகிறோம் என்றே பெரும்பாலும் தெரியாது. அதற்குப் பின்னர் வரும் சில கிலோமீட்டர் மட்டுமே கடினம். அதையும் நாற்பத்தைந்தாவது கிலோமீட்டர் அளவில், கால்களில் வலு இருக்கும்போதே முடித்துவிடலாம். அதன் பிறகு ரிபிள்ஹெட், ஹார்ட்டன், செட்டில் ஆகிய மூன்று ஊர்களிலும் செட்டில்–கார்லைல் பாதையின் ரயில் நிலையங்கள் இருக்கின்றன. களைத்துப்போனால் எதிலாவது ஏறி ஸ்கிப்டனுக்குத் திரும்பலாம். கடினமான பகுதி முதலில், தப்பும் வழிகள் பின்னால் என்ற இந்த அமைப்பு தனியாகப் போகிறவருக்குப் பெரிய பாதுகாப்பு. ஆனால் ரயில்கள் அடிக்கடி வருவதில்லை. ஏற்றிக்கொள்ளும் சைக்கிள்களின் எண்ணிக்கையும் குறைவு என்பதால் நேர அட்டவணையைத் தாளில் குறித்து எடுத்துச் செல்லுங்கள்.

மறுமொழி 2

மேலே எழுதிய நண்பர் சொன்ன கியர் கணக்கை முழுமையாக ஏற்கிறேன். திசையைப் பற்றி மட்டும் எனக்கு மாறான கருத்து உண்டு. அவர் ஏற்றத்தைப் பார்க்கிறார். அக்டோபரில் பார்க்க வேண்டியது காற்றை.

இங்கே காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வீசுகிறது. இடஞ்சுழியாகப் போனால், ஃபிளீட் மாஸ் ஏறி இறங்கிக் களைத்த கால்களோடு, ஹாஸிலிருந்து ரிபிள்ஹெட் வரையுள்ள 15 கிலோமீட்டரை அந்தக் காற்றுக்கு நேர் எதிரே கடக்க வேண்டும். மேற்பகுதியில் அந்தச் சாலைக்கு மறைப்பு என்று எதுவும் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அக்டோபர் இறுதியில் நான் அந்தப் பகுதியைக் கடக்க ஒன்றேமுக்கால் மணி நேரம் ஆயிற்று. சரிவு ஒன்றும் பெரிதல்ல. காற்று என்னை இறக்கத்திலும் மிதிக்க வைத்தது. ரிபிள்ஹெட்டை அடைந்தபோது ரயில் போய்ச் சில நிமிடங்களே ஆகியிருந்தன. நனைந்த உடையோடு அடுத்த ரயிலுக்காகக் காத்திருந்த அந்த நேரத்தில் உடல் நடுங்கிய நடுக்கத்தை இன்றும் மறக்கவில்லை. தப்பும் வழி என்பது வரைபடத்தில் இருந்தால் போதாது. நாம் போய்ச் சேரும் நேரத்தில் அது திறந்திருக்க வேண்டும்.

வலஞ்சுழியாகப் போனால், ஸ்கிப்டனிலிருந்து செட்டில் வரை மட்டும் பக்கக் காற்றோடு சற்றுப் போராட வேண்டும். அப்போது புத்துணர்ச்சி இருக்கும். ரிபிள்ஹெட்டிலிருந்து ஹாஸ் வரை அதே காற்று முதுகில் கைவைத்துத் தள்ளும். அதற்கு விலை உண்டு என்பதை மறைக்கமாட்டேன்: ஃபிளீட் மாஸை வடக்குப் பக்கத்திலிருந்து, அதாவது கெயில் என்னும் ஊர் வழியாக, அறுபது கிலோமீட்டருக்குப் பிறகு ஏற வேண்டும். ஆறு கிலோமீட்டருக்குள் 350 மீட்டர் உயரம். தொடக்கத்தில் ஒரு செங்குத்து, மூச்சு வாங்க இடைவெளி, முடிவில் இன்னொரு செங்குத்து. ஆனால் அந்த ஏற்றத்தில் நாம் தோற்றாலும் நடந்து மேலே போய்விடலாம். எதிர்க்காற்றில் நடந்தால் பொழுது சாய்ந்துவிடும்.

ஆகவே ஒரு நிபந்தனை வைத்துக்கொள்ளுங்கள். வலஞ்சுழியில் ரிபிள்ஹெட்தான் கடைசி ரயில் நிலையம். ஹாஸுக்கு மிக அருகிலுள்ள கார்ஸ்டேல் நிலையத்துக்கே சுமார் 10 கிலோமீட்டர் போக வேண்டும். எனவே காலை எட்டு மணிக்குக் கிளம்பி, பதினொன்றரைக்குள் ரிபிள்ஹெட்டைத் தாண்டினால் மட்டுமே மேலே செல்வது. தாண்டவில்லை என்றால் அங்கேயே நிறுத்தி ரயிலில் திரும்புவது. அக்டோபர் நடுவில் காலை ஏழரை மணியளவில் விடிந்து மாலை ஆறேகால் மணியளவில் கதிரவன் மறைகிறான். மாதத்தின் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்பிய பிறகோ ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும். எனவே இந்தப் பயணத்தை மாத இறுதிக்குத் தள்ளிப்போடாதீர்கள்.

இந்த மலைகளின் இலையுதிர் கால மழையைக் குறைவாக எண்ண வேண்டாம். 2019 செப்டம்பர் 29 அன்று இங்கே நடந்த உலகச் சாம்பியன்ஷிப் ஆடவர் சாலைப் போட்டியில், பாதையில் வெள்ளம் தேங்கியதால் பட்டர்டப்ஸ், கிரிண்டன் மூர் என்ற இரண்டு பெரிய ஏற்றங்களையும் நீக்கித் தொலைவைக் குறைத்தார்கள். உலகின் தலைசிறந்த வீரர்களுக்கே அந்த நிலை என்றால், பின்னால் துணை வண்டி இல்லாத நாம் முந்தைய இரவு வானிலை அறிக்கையைப் பார்த்துவிட்டுப் பயணத்தைக் கைவிடுவதில் எந்தக் குறையும் இல்லை.

மறுமொழி 3

இருவரும் ஏறுவதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். பன்னிரண்டு ஆண்டுகளாக இந்தச் சாலைகளில் பெரும்பாலும் தனியாகவே ஓட்டி வரும் பெண் என்ற முறையில், இறங்குவதைப் பற்றிச் சில சொற்கள்.

கணவாயின் உச்சியில் மரங்களே கிடையாது. கரிய கரிமண் சதுப்பும் புல்லும் மட்டுமே. எனவே அங்கே இலைகளால் ஆபத்து இல்லை. ஆபத்து கீழே, ஆற்றோரத் தோப்புகளுக்குள் சாலை நுழையும் இடங்களில் தொடங்குகிறது. அக்டோபரில் அங்கே உதிர்ந்த இலைகள் மழையில் நனைந்து, வண்டிச் சக்கரங்களில் அரைபட்டுப் பழுப்பு நிறக் கூழாகத் தாரோடு ஒட்டிக் கிடக்கும். நிழலில் அது ஈரத் தார் போலவே தெரியும் என்பதால் கண்ணை ஏமாற்றும். அதன்மேல் வண்டி சாய்ந்திருக்கும்போது பிரேக் பிடித்தால் முன்சக்கரம் வழுக்கும். வளைவுக்கு முன்பே, வண்டி நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் பிரேக்கைத் தொடாமல் செல்வதே வழி. உங்களுடையது ரிம்மைப் பிடிக்கும் பிரேக் என்றால், மழையில் முதல் சில சுற்றுகளுக்கு அது பிடிக்கவே பிடிக்காது. நீரைத் துடைத்த பிறகுதான் வேலை செய்யத் தொடங்கும். புறப்படுவதற்கு முன் பிரேக் கட்டைகளைப் புதிதாக மாற்றிக்கொள்ளுங்கள். மேய்ச்சல் நிலங்களின் எல்லையில் ஆடுகள் தாண்டாதிருக்கச் சாலைக்குக் குறுக்கே இரும்புக் கம்பிகளைப் பதித்திருப்பார்கள். ஈரமான நாளில் அவற்றை நேர்க்கோட்டில் மட்டுமே கடக்க வேண்டும். வேலியில்லாத மேட்டில் ஆடுகள் சாலையிலேயே படுத்திருக்கும். ஒன்று சாலையைக் கடந்தால் அதன் பின்னால் இன்னொன்று ஓடி வரும் என்று கொள்ளுங்கள்.

குளிரும் இறக்கத்தில்தான் பிடிக்கிறது. ஏறும்போது வியர்த்த உள்சட்டை, இறங்கத் தொடங்கிய ஐந்து நிமிடத்தில் பனிக்கட்டி போல ஒட்டிக்கொள்ளும். விரல்கள் மரத்துப்போனால் பிரேக்கை இழுக்கும் பலமே போய்விடும். உச்சியிலேயே நின்று, காற்றுத் தடுப்புச் சட்டையையும் முழுவிரல் கையுறையையும் அணிந்துகொண்ட பிறகே இறங்குங்கள். நின்று படம் எடுத்துவிட்டு அணியலாம் என்று தள்ளிப்போட வேண்டாம்.

லாங்ஸ்ட்ராத்டேலில் என் கைப்பேசிக்குப் பலமுறை சிக்னல் கிடைத்ததில்லை. இந்நாட்டின் அவசர எண்ணான 999-க்குக் குறுஞ்செய்தியும் அனுப்பலாம். குரல் அழைப்புக்குப் போதாத மெல்லிய சிக்னலிலும் அது போய்ச்சேர வாய்ப்புண்டு. ஆனால் அந்த வசதிக்கு உங்கள் எண்ணை முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும், இன்றே செய்துவிடுங்கள். சாலையை விட்டு விலகிய மேட்டில் அடிபட்டால், அழைத்தவுடன் காவல்துறையைக் கேட்டு, பிறகு மலை மீட்புக் குழு வேண்டும் என்று சொல்ல வேண்டும். வீட்டில் ஒருவரிடம் உங்கள் பாதையையும், எந்த ஊரை எத்தனை மணிக்குக் கடப்பீர்கள் என்பதையும் எழுதிக் கொடுத்துவிட்டுச் செல்லுங்கள்.

மறுமொழி 4

உணவைப் பற்றி ஒரே ஒரு குறிப்பு. ஹாஸுக்கும் பக்டனுக்கும் இடையே ஏறத்தாழ 20 கிலோமீட்டருக்குக் கடை என்று சொல்லத்தக்க ஒன்றும் இல்லை. பசித்த பிறகு உண்பது காலம் கடந்த செயல். முதல் மணி நேரத்திலிருந்தே அரைமணிக்கு ஒருமுறை ஏதாவது வாயில் போட்டுக்கொண்டே இருங்கள். நான் பேரீச்சம்பழமும் கடலை மிட்டாயும் சட்டைப் பையில் வைத்துக்கொள்வேன். ஹாஸில் உட்கார்ந்து உண்ண எலுமிச்சைச் சாதம். குளிரில் தாகம் தெரியாது என்பதால் தண்ணீரையும் கடிகாரம் பார்த்தே குடிக்க வேண்டும்.

கேட்டவரின் பதில், இரண்டு வாரங்களுக்குப் பிறகு

நண்பர்களுக்கு நன்றி. சென்ற சனிக்கிழமை போய்வந்தேன். வெள்ளி இரவு வானிலை அறிக்கையில் தென்மேற்குக் காற்று என்று இருந்ததால் வலஞ்சுழியையே தேர்ந்தேன். காலை 7.50-க்கு ஸ்கிப்டனில் தொடங்கி, ஹார்ட்டனைத் தாண்டும்போது வலப்புறம் பென்-இ-கென்ட் மலையின் மேல்பாதி மேகத்துக்குள் இருக்க, 11.05-க்கு ரிபிள்ஹெட்டை அடைந்தேன். இருபத்து நான்கு வளைவுகளைக் கொண்ட அந்த ரயில் பாலத்தின் அடியில் துருநிறத்தில் காய்ந்து கிடந்த பெரணிகளை வெயில் தொட்ட சில நிமிடங்களுக்காகவே அந்தக் காலைப் பொழுதின் ஏற்றங்களை மீண்டும் ஏறுவேன். நிபந்தனைக்கு 25 நிமிடம் மிச்சம் இருந்ததால் மேலே சென்றேன். நியூபி ஹெட் மேட்டைத் தாண்டிய பிறகு ஹாஸ் வரை காற்று சொன்னபடியே தள்ளிக்கொண்டு போயிற்று. ஒரு பக்கம் பெய்த மழை ரிபிள் ஆற்றின் வழியாக ஐரிஷ் கடலுக்கும், மறுபக்கம் பெய்தது யூர் ஆற்றின் வழியாக வடகடலுக்கும் போகும் நீர்ப்பிரிமேடு அது என்பதைப் பிறகு வரைபடத்தில் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

ஃபிளீட் மாஸ் ஏற்றத்தின் கடைசிச் செங்குத்தில் சுமார் 300 மீட்டர் இறங்கித் தள்ளினேன். என் வண்டியில் பின்னால் 28 பல்தான். உச்சியில் மூடுபனி, கையுறையை அங்கேயே அணிந்தேன். பக்டனுக்குக் கீழே தோப்புக்குள் நுழையும் முதல் வளைவில், எழுதியிருந்தபடியே நிழலில் அந்தப் பழுப்புக் கூழ் கிடந்தது. வேகத்தை முன்பே குறைத்திருந்ததால் வண்டி நேராகச் சென்றது. மாலை 4.20-க்கு ஸ்கிப்டன் நிலையத்தில் இருந்தேன். பின்புறப் பற்சக்கரத்தை 34 பல்லுக்கு மாற்ற வண்டியைக் கடையில் கொடுத்திருக்கிறேன்.