உடுக்கை ரவையை நேராகப் பறக்க வைப்பது இடுப்பா, சுழற்சியா?

ஈயரவை: "உடுக்கை வடிவ ஏர்கன் (காற்றுத் துப்பாக்கி) ரவைக்குச் சுழற்சியே தேவையில்லை, ஒடுங்கிய இடுப்பு ஒன்றே போதும்" என்று புறவழி நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்குப் பொறுக்கவில்லை. அப்படியானால் குழலுக்குள் ரைஃப்ளிங், அதாவது ரவையைச் சுழல வைக்கும் திருகுப் பள்ளங்கள், வெட்டுகிறவர்கள் எல்லாரும் வேலையற்றவர்களா? 450 மில்லிமீட்டருக்கு ஒரு சுற்று என்று முறுக்கிய குழலிலிருந்து வினாடிக்கு 270 மீட்டர் வேகத்தில் வெளிப்படும் ரவை, வினாடிக்கு 600 முறை சுழல்கிறது. நீண்ட தூரம் சுட வேண்டுமென்றால் அந்தச் சுழற்சியைக் கணக்கில் எடுத்துத்தான் ரவையை வடிவமைக்க வேண்டும்.

புறவழி: ஐயா, இடுப்பைப் பற்றிப் பேசுங்கள். ரவையின் தலை கெட்டி, பின்பாகம் குழிவு. எடை முன்னே நிற்க, காற்று பின்பாகத்தைப் பிடித்து இழுப்பதால், இறகுப்பந்து போலத் தலை முன்னோக்கியே பறக்கும். ரைஃப்ளிங் இல்லாத வழுவழுப்பான குழலிலும் அது குட்டிக்கரணம் அடிப்பதில்லை.

ஈயரவை: குட்டிக்கரணம் அடிக்காதது வேறு, இலக்கில் படுவது வேறு. வார்ப்பில் ஒரு பக்கம் மயிரிழை கனத்தாலும், சுழலாத ரவை அந்தப் பக்கமே ஒதுங்கிக்கொண்டு போகும். சுழற்சிதான் அந்தக் குறையை எல்லாப் பக்கமும் பகிர்ந்து சமன்செய்கிறது. போன மாதம் தொலைநோக்கி விவாதத்திலும் நீங்கள் இப்படித்தான் பாதியைச் சொல்லி மீதியை விழுங்கினீர்கள்.

புறவழி: பழைய கதை எதற்கு? 25 மீட்டரில் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கிய என் ஐந்து ரவைகள் 75 மீட்டரில் உள்ளங்கை அகலத்துக்குச் சிதறின. அட்டையில் ஐந்து துளைகளும் முழு வட்டமாகவே இருந்தன. ஒன்று சாய்ந்து நுழைந்திருந்தாலும் துளை நீள்வட்டமாகக் கிழிந்திருக்கும். ஆக, இடுப்பு தன் வேலையைச் செய்தது. கெடுத்தது உங்கள் சுழற்சி. தூரம் போகப் போக ரவையின் வேகம் குறையும் அளவுக்குச் சுழற்சி குறைவதில்லை. அதனால் அது திருகுசுருளாக அலைகிறது.

மலையடிவாரம்: இடுப்பே இல்லாத, உருளை வடிவ ரவையான ஸ்லக்கை இருவரும் மறந்துவிட்டீர்கள். காற்று எதிர்ப்பு அதற்கு மிகக் குறைவு என்பதால் 100 மீட்டருக்கு அதுவே மேல். ஆனால் காற்றின் விசை செயல்படும் புள்ளியான அழுத்தமையம் எடைமையத்துக்கு முன்னே விழுவதால், போதிய சுழற்சி இல்லாவிட்டால் அது புரண்டுவிடும். ரவை நீள நீள முறுக்கும் நெருங்க வேண்டும் என்பதை ஆங்கிலேயக் கணித அறிஞர் கிரீன்ஹில் 1879-லேயே சூத்திரமாக எழுதிவிட்டார்.

ஈயரவை: பார்த்தீர்களா, சுழற்சி!

புறவழி: இடுப்பு இல்லாததற்குத்தான் சுழற்சி வேண்டும் என்கிறார். அது என் கட்சி.

தென்கரை: முதலில் அதை ரவை என்று சொல்வதே தவறு. எங்கள் ஊரில் குண்டு என்போம், கடையில் பெல்லட் என்று கேட்டால்தான் தருவார்கள். இன்னொன்று, நம் நாட்டில் உரிமம் இல்லாமல் வைத்துக்கொள்ள 4.5 மில்லிமீட்டரும் 20 ஜூலும்தான் எல்லை. 0.54 கிராம் குண்டு 270 மீட்டர் வேகத்தில் போனாலே 19.7 ஜூல் ஆகிவிடுகிறது. கனத்த ஸ்லக்கை இன்னும் மெதுவாகத்தான் விட வேண்டும். இதில் 100 மீட்டர் பேச்சு யாருக்கு?

ஈயரவை: ரவை என்பது பழைய, நல்ல சொல். அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். சட்டத்தை நான் மீறச் சொல்லவில்லை; உரிமத்தோடு முறையான சுடுதளத்தில் சுடுகிறவர்களும் இங்கே இருக்கிறார்கள். ஒலியின் வேகத்தை, அதாவது சுமார் 340 மீட்டரை, நெருங்கினால் இந்த இடுப்புள்ள ரவை தடுமாறுகிறது என்பது சுட்டவர்கள் எல்லாருக்கும் தெரியும். இடுப்பு ஒன்றே போதுமென்றால் அங்கே ஏன் தடுமாற வேண்டும்? இதற்குப் புறவழி இன்னும் பதில் தரவில்லை.

புறவழி: வழுவழுப்பான குழலில் ஏன் தலை முன்னே பறக்கிறது என்ற என் கேள்விக்கு நீங்கள் முதலில் பதில் சொல்லுங்கள்.

ஈயரவை: பறப்பது வேறு, படுவது வேறு என்று மேலே எழுதியிருக்கிறேன். மறுபடி படியுங்கள்.