புதுப்பிப்பு: எட்டுக் கூம்புப் பெட்டியும் ஒற்றை 15 அங்குலமும்
ஒற்றை 15 அங்குல ஸ்பீக்கர் கொண்ட துளையுள்ள பெட்டியைவிட, அம்பெக் நிறுவனத்தின் எட்டு 10 அங்குல ஸ்பீக்கர்கள் கொண்ட மூடிய பெட்டியில்தான் பேஸ் கிட்டாரின் அடிநாதம் கூடுதலாக ஒலிக்கிறது என்று சென்ற மாதம் எழுதியிருந்தேன். அது தவறு. ஒன்றின் மின்தடை 4 ஓம், மற்றதன் மின்தடை 8 ஓம் என்பதால் ஒலியளவு வேறுபடும், அதைச் சமப்படுத்தாமல் ஒப்பிட்டது பிழை என்று நண்பர் ஒருவர் சுட்டிக்காட்டியபின், இரண்டையும் ஒரே அளவில் வைத்து, சுவரிலிருந்து ஒரே தொலைவில் நிறுத்தி மீண்டும் வாசித்தேன்.

இம்முறை ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸில் அதிரும் தாழ்ந்த ஈ தந்தி, துளையுள்ள 15 அங்குலப் பெட்டியில்தான் நிறைவாகக் கேட்டது. அம்பெக் பெட்டியோ 40 ஹெர்ட்ஸில் 10 டெசிபல் தணிந்துவிடுகிறது என்பது அதன் விவரக்குறிப்பிலேயே இருக்கிறது. அதில் நாம் கனம் என்று உணர்வது பெரும்பாலும் 82 ஹெர்ட்ஸில், அதாவது அடிப்படை அதிர்வின் இருமடங்கில், உள்ள இரண்டாம் இசைவையே. ஆயினும் விரல் தந்தியைத் தொடும் கணத்தின் உறுமலும் தெளிவும் அம்பெக் பெட்டிக்கே உரியவை. 31 ஹெர்ட்ஸ் பி தந்தியை ஓங்கி வாசித்தபோது, துளைப் பெட்டியின் ஸ்பீக்கர் கூம்பு பிடிமானமின்றித் தத்தளித்தது.

63 கிலோவை மாடிக்கு ஏற்ற வேண்டியிருந்தாலும், மேடைக்கு மூடிய பெட்டியையே வைத்துக்கொள்கிறேன்.