கல்பாக்கம் ஆளில்லாத மணல்வெளியாகவா இருந்தது?

கோட்டைமேட்டான்:
நேற்று பாலாற்றான் இங்கே எழுதியது இது: "அணு ஆராய்ச்சி மையம் வரும்வரை கல்பாக்கம் ஆளில்லாத மணல்வெளி. புதுப்பட்டினம் கடைத்தெருவே மையம் கொடுத்த வாழ்வு." படித்ததிலிருந்து வயிறு எரிகிறது. பக்கத்திலேயே சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டியது வெறும் மணலுக்குக் காவல் இருக்கவா? அங்கிருந்து மஸ்லின் துணி கப்பலேறிப் போனது. 1782-ல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் இந்தக் கடலில்தான் பீரங்கிச் சண்டை போட்டார்கள். ஆளில்லாத ஊராம்!

பாலாற்றான்:
டச்சுக்காரர் காலத்துக் கதை இன்று சோறு போடுமா? 1971-ல் மையம் தொடங்கியது. 1978-ல் என் அப்பா வேலைக்குச் சேர்ந்தபோது வாடகைக்கு ஒரு நல்ல வீடு கிடைக்கவில்லை. சுற்றிலும் சவுக்கும் பனையும்தான். இன்று புதுப்பட்டினத்தில் நகைக்கடை, மெஸ், டியூஷன், மாடி மாடியாக வீடு. சம்பளத் தேதியில் கடைத்தெருவில் நடக்க இடமில்லை. இதெல்லாம் யாரால்?

கோட்டைமேட்டான்:
கேட்டதற்குப் பதில் வரவில்லை. மெய்யூர்குப்பம், உய்யாலிகுப்பம், சதுரங்கப்பட்டினம் குப்பம் எல்லாம் 1971-க்குப் பிறகு முளைத்தவையா? அங்கே வலை இழுத்தவர்கள் ஆட்கள் இல்லையா? அப்பாவுக்கு வாடகை வீடு கிடைக்கவில்லை என்றால் ஊரில் ஆளே இல்லை என்று ஆகிவிடுமா?

நெய்தல்மகள்:
கடைத்தெரு வளர்ந்தது உண்மை, நான் மறுக்கவில்லை. ஆனால் ஊழியர் குடியிருப்புக்குள்ளேயே பள்ளி, ஆஸ்பத்திரி, கடை எல்லாம் இருக்கின்றன. சம்பளத்தில் பாதி வேலியைத் தாண்டுவதே இல்லை. நிரந்தர வேலைக்கு நாடு முழுக்கப் போட்டி. ஐடிஐ முடித்த எங்கள் தெருப் பையன்களுக்குக் கிடைத்தது ஒப்பந்ததாரரிடம் நாள்கூலி. என் தம்பிக்கு ஒருவர் மூன்று மாதக் கூலியைக் கடைசிவரை கொடுக்கவில்லை. 50 வருடத்துக்கு மேல் ஆகியும் ரயில் பிடிக்கச் செங்கல்பட்டுக்குத்தான் ஓடுகிறோம்.

பாலாற்றான்:
ரயிலுக்கு மையம் என்ன செய்யும்? 220 மெகாவாட் உலை இரண்டு, 500 மெகாவாட் ஈனுலை (மின்சாரத்தோடு புது எரிபொருளையும் உண்டாக்கும் அணு உலை) ஒன்று என்று மையம் இவ்வளவு கொண்டுவந்தும் குறை சொல்கிறீர்கள்.

கோட்டைமேட்டான்:
அந்த இரண்டு 220-உம் மின் நிலையத்தின் உலைகள், மையத்தினுடையவை அல்ல. 500 மெகாவாட்டுக்கும் தனி நிறுவனம் இருக்கிறது. மையத்தின் உலை என்றால் 1985-ல் இயங்கத் தொடங்கிய சோதனை ஈனுலையைச் சொல்ல வேண்டும். எது யாருடையது என்றே தெரியாதவர் ஊருக்கு வரலாறு எழுதுகிறார்! போன மாதம் ஈசிஆர் சாலை விவாதத்திலும் இப்படித்தான் தப்பாகச் சொல்லிவிட்டு ஓடினீர்கள்.

பாலாற்றான்:
நான் ஓடவில்லை, ஊருக்குப் போயிருந்தேன். சரி, உலையை விடுங்கள். நீங்கள் இருப்பது சென்னையில்தானே? கோட்டைமேட்டான் என்று பெயர் வைத்தால் போதுமா?

மாடிவீடு:
வாடகையைப் பற்றி நான் சொல்கிறேன். 2004-ல் பெரிய ஈனுலையைக் கட்டத் தொடங்கிய பிறகுதான் எங்கள் பக்கம் வாடகை ஏறியது. குடியேறியது விஞ்ஞானிகள் இல்லை. வடமாநிலத் தொழிலாளர்கள், ஒரு அறைக்கு ஆறு பேர். எங்கள் மாடியைக் கட்டியது அந்தப் பணம்.

பாலாற்றான்:
பார்த்தீர்களா, அணுசக்தியால் வந்த பணம்தானே! நான் சொன்னது இதைத்தான்.

நெய்தல்மகள்:
கட்டுமானம் முடிந்தால் அந்த ஆறு பேரும் போய்விடுவார்கள். அப்போது மாடிக்கு யார் வருவார்கள்?

கோட்டைமேட்டான்:
மாடியை அப்புறம் பேசலாம். நான் சென்னையில் இருந்தாலும் என் பாட்டி சதுரங்கப்பட்டினம் குப்பத்தில் மீன் விற்றவர். பாலாற்றான் அவர்களே, "ஆளில்லாத" என்று எழுதியதை எடுக்கிறீர்களா இல்லையா?

பாலாற்றான்:
ஒரு சொல்லையும் எடுக்க மாட்டேன்.

கோட்டைமேட்டான்:
அப்படியானால் நாளைக்கும் கேட்பேன்.